ஆடி மாதத்துச் செஞ்சி

(செஞ்சியில் நூலக வாசகர்கள் கூட்டிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செஞ்சிக்கே வந்து செஞ்சியைப் பற்றிப் பேசக் கொஞ்சம் நெஞ்சழுத்தம் வேண்டும். ஓராண்டுகூட முழுதாக ஆளாமல் 1714-இல் களத்தில் விழுந்த தேசிங்குராஜன் கதையை இந்த ஊர்த் தாத்தா பாட்டிகள் என்னைவிட நன்றாகவே சொல்வார்கள். 1677-இல் சிவாஜி வந்தது, பிறகு அவர் மகன் ராஜாராம் இங்கே உட்கார்ந்துகொண்டு முகலாயப் படையை ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தது, 1750-இல் பிரெஞ்சுக்காரர்கள் ஏறியது, 1761-இல் ஆங்கிலேயர் பிடித்தது எல்லாம் உங்களுக்கு மனப்பாடம். 2025 ஜூலை 11 அன்று யுனெஸ்கோ மராட்டியர் காலத்துக் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றுதான். அந்தப் பெருமையை ஏற்கெனவே பலர் பேசிவிட்டார்கள்.

ஆகவே இன்று கோட்டையை விட்டுவிடுகிறேன். அந்த மதில்கள் எழும்புவதற்கு வெகு காலம் முன்பே இந்தப் பாறைகளின் அடியில் ஒதுங்கியவர்கள் உண்டு. வரைந்தவர்கள், இறந்தவர்களை அடக்கம் செய்தவர்கள், உண்ணாமல் கிடந்து உயிர்விட்டவர்கள் உண்டு. அவர்கள் விட்டுச்சென்றதைத் தேடி நானும் நண்பர்கள் இருவரும் ஒரு பழைய காரில் சுற்றினோம். யுனெஸ்கோ அறிவிப்பு வந்த மறுவாரம் ஆடி பிறந்தது. நாங்கள் சுற்றியது அந்த ஆடியில்.

“ஆடியில் யாராவது பயணம் போவார்களா?” என்று வீட்டில் கேட்டார்கள். அதனால்தான் போனோம். முகூர்த்தம் கிடையாது. வேன்காரர்கள் ஸ்டாண்டில் சீட்டாடிக்கொண்டிருப்பார்கள். லாட்ஜில் கேட்ட அறை கிடைக்கும். மார்கழியிலும் தையிலும் வெளியூர்க் கூட்டம் மொய்க்கும் ராஜகிரிக் கோட்டைமலையில் ஆடியில் குரங்கும் காற்றும்தான். ஒன்றே ஒன்றில் கவனம் வேண்டும்: அமாவாசையன்று இந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது. மேல்மலையனூர் அங்காளம்மனுக்குப் போகும் கூட்டத்தில் செஞ்சி பஸ் நிலையமே தெரியாது. அந்த நாளைத் தள்ளிவிட்டால் ரோடு முழுக்க நம்முடையது.

காசு மிச்சம் என்பது இரண்டாவது காரணம். முதல் காரணம் ஆடிப்பட்டம். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுவதற்கு மானாவாரிக் கொல்லைகளை உழுது போட்டிருப்பார்கள். மேலே ஒரு மழை பெய்து மண் கழுவப்பட்டிருந்தால், வரப்பில் நின்று பார்த்தாலே சில கொல்லைகளில் ஓடுகள் தெரியும். ஒன்றைக் குனிந்து பாருங்கள். வெளிப்பக்கம் சிவப்பு, உள்பக்கம் கறுப்பு, வாய் விளிம்பிலும் கறுப்பு. தடவினால் நேற்று மெருகிட்டதுபோல் வழவழப்பு. பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டதால் காற்றுப் படாத பாகம் கறுத்தது, காற்றுப் பட்ட பாகம் சிவந்தது. இரும்புக் காலத்து மக்களின் சட்டி அது. புரட்டாசியில் வந்தால் அந்தக் கொல்லையில் கொடிதான் தெரியும்.

பருவம் தப்பிய பயணத்துக்கு நம் நாட்டில் ஒரு பெரிய முன்னோடி உண்டு. ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற நிலவியல் அளவைத் துறை அதிகாரி. வெள்ளைக்கார துரைமார்கள் வெயிலுக்குப் பயந்து மலைவாசஸ்தலம் ஏறும் காலத்தில், கத்திரி முடிந்தும் முடியாத 1863 மே 30 அன்று, பல்லாவரத்துச் சரளைக் குழியில் ஒரு கல்லை எடுத்தார். ஆதி மனிதன் கொத்திச் செய்த கைக்கோடரி. இந்தியாவில் பழைய கற்காலத்தைப் பற்றிய பேச்சு அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்கியது. அதே ஆண்டு அத்திரம்பாக்கத்தையும் அவர் கண்டறிந்தார். அந்த அத்திரம்பாக்கத்தில் தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் ஆண்டுக்கணக்கில் அகழ்ந்து, அங்கே கைக்கோடரி செய்தவர்கள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவர்கள் என்று 2011-இல் வெளியிட்டார்கள். செஞ்சி அவ்வளவு பழமைக்கு உரிமை கொண்டாட வேண்டியதில்லை. இங்கே இருப்பது வேறு வகைச் செல்வம்.

இந்த வட்டாரத்துப் பாறைக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு. பூமிக்கு அடியில் குளிர்ந்து இறுகிய கருங்கல். மேலே மூடியிருந்த மண்ணும் கல்லும் அரித்துப் போக, விரிசல் வழியே நீர் இறங்கி மூலைகளை உருட்டிவிட, உருண்டையும் பிளவுமாகக் குவிந்து நிற்கிறது. இங்கே ‘குகை’ என்று கேட்டு வருகிறவர்கள் ஏமாந்து போவார்கள். இருட்டும் ஆழமும் கிடையாது. ஒரு பெரிய உருண்டை இன்னொன்றின் மேல் சாய்ந்து நிற்கும். அதன் அடியில் பத்துப் பேர் ஒதுங்கலாம். பக்கத்தில் ஒரு சுனையோ ஓடையோ இருக்கும். அவ்வளவுதான் வீடு.

செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை ரோட்டில் போய், நல்லாண்பிள்ளைபெற்றாள் பக்கம் திரும்பினால் பாறை ஓவியங்கள் உள்ள செத்தவரை. அடிவாரத்தில் ஆடு ஓட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா எங்களை நிறுத்தினார். “அங்க சாமி இல்லியே சார், எதுக்கு வெயில்ல ஏறுறீங்க?” என்றார். படம் பார்க்க என்றோம். “அந்தச் செவப்பு கிறுக்கலா? எங்க மாமனாரு காலத்துலேர்ந்து இருக்குது” என்று சொல்லிவிட்டு, ஆடுகளை மகனிடம் விட்டுவிட்டு முன்னால் நடந்தார். மல்லாட்டை பறிக்கும் காலத்தில் வந்திருந்தால் அவருக்கு ஏது நேரம்? ஆளில்லாப் பருவத்தில் போவதில் இந்த லாபமும் உண்டு.

முதலில் ஒன்றும் தெரியாது. வெயிலிலிருந்து நிழலுக்கு வந்த கண் பழக வேண்டும். பாறையில் இரும்புச் சத்து கசிந்த கறைகளும் சிவப்பாகத்தான் இருக்கும். கறை நீர் வழிந்த திசையில் மேலிருந்து கீழே மட்டும் இறங்கும். மனிதன் இழுத்த கோடு குறுக்கே போகும், வளையும், திரும்பி வரும். அந்த வித்தியாசம் பிடிபட்டதும் ஒரு மான் கிளம்பியது. பிறகு ஒரு மீன். உள்ளங்கைப் பதிவுகளும் தெரிந்தன. மானுக்கு வெளிக்கோடு மட்டுமில்லை, உடம்பின் உள்ளேயும் கோடுகள். எக்ஸ்ரே பாணி என்று ஆய்வாளர்கள் சொல்வது இதைத்தான். ஆஸ்திரேலியாவின் வடகோடியில் அங்குள்ள தொல்குடிகளும் மீனையும் கங்காருவையும் இப்படித்தான் உள்ளுறுப்பு தெரிய வரைந்தார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் வரைந்ததில்லை. வேட்டையாடியதை அறுத்துப் பங்கிட்ட கைக்குத் தோலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியும். தெரிந்ததை வரைந்தது. மந்திரம், சடங்கு, வழிபாடு என்று ஒவ்வொரு கோட்டுக்கும் விளக்கம் எழுதும் கட்டுரைகளை நான் நிறையப் படித்திருக்கிறேன். அவற்றைவிட ஒரு கறிக்கடைக்காரர் நன்றாக விளக்குவார் என்று எனக்குப் படுகிறது.

விழுப்புரத்துக்கு மேற்கே, திருக்கோவிலூர் பக்கம் இருக்கும் கீழ்வாலை இன்னும் புகழ்பெற்றது. ஊர்க்காரர்கள் ரத்தப் பாறை என்பார்கள். எல்லாம் காவிக்கல் சிவப்பு. ஒரு விலங்கின் மேல் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், முன்னால் ஒருவர் அதை நடத்திப் போகிறார், இன்னொருவர் கையை விரித்து நிற்கிறார். முகங்கள் பறவையின் அலகுபோல் நீண்டிருக்கின்றன. முகமூடியா, வரைந்தவர் பாணியா, யார் கண்டது! இன்னோரிடத்தில் படகு என்று பலரும் கொள்ளும் ஓர் உருவத்தில் ஆட்கள் கைகோத்து நிற்கிறார்கள். பக்கத்தில் சில குறிகள்.

அந்தக் குறிகள்தான் சண்டைக்குக் காரணம். சிந்துவெளி எழுத்தைப் போல் இருக்கின்றன என்று ஒரு தரப்பு நெடுநாளாகச் சொல்லி வருகிறது. 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட ஆய்வில், நம் அகழாய்வுகளில் கிடைத்த பானைக் கீறல்களுக்கும் சிந்துவெளிக் குறிகளுக்கும் பெருமளவு ஒப்புமை இருப்பதாகப் பேராசிரியர் கா. ராஜனும் இரா. சிவானந்தமும் காட்டினார்கள். சிந்து எழுத்தின் புதிரை விடுவிப்பவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று முதலமைச்சர் அறிவித்ததும் அப்போதுதான். பானைக் கீறலுக்கு மண்ணடுக்கு உண்டு, அடுக்குக்குக் காலம் உண்டு. பாறைமேல் இருக்கும் நாலைந்து குறிக்கு அது கிடையாது. சக்கரமும் சூலமும் உலகத்தில் எவரும் வரையக்கூடிய வடிவங்கள். கீழ்வாலையை வைத்து ஹரப்பாவுக்குப் பாலம் கட்ட எனக்குத் துணிவில்லை. அந்த விலங்கு குதிரைதான் என்றால், ஓவியத்தைப் பெருங்கற்காலத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைப்பதே நியாயம்.

ஓவியத்தின் காலத்தை நேரடியாகச் சோதித்துவிடலாமே என்று மாணவர்கள் கேட்பீர்கள். கரிமக் காலக்கணிப்புக்கு உயிருள்ள பொருளின் மிச்சம் வேண்டும், கரியோ எலும்போ மரமோ. காவி என்பது இரும்பு ஆக்சைடு. அதில் கரிமம் இல்லை. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் ஒரு குகை ஓவியம் குறைந்தது 51,200 ஆண்டுப் பழமையானது என்று 2024-இல் அறிவித்தார்களே, அது எப்படி? அங்கே சுண்ணாம்புப் பாறை. ஓவியத்தின்மேல் காலப்போக்கில் சுண்ணாம்புப் படலம் படர்கிறது. அந்தப் படலத்தில் உள்ள யுரேனியம் எவ்வளவு சிதைந்திருக்கிறது என்று அளக்கிறார்கள். நம்முடையது கருங்கல். அந்தப் படலம் படர வழியில்லை. ஆகையால் செத்தவரைக்கு இத்தனை ஆயிரம் ஆண்டு என்று அடித்துச் சொல்கிறவரைக் கண்டால் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

இறந்தவர்களிடம் வருவோம். விழுப்புரம் மாவட்டத்து உடையாநத்தத்தில் ஒரு கல் நிற்கிறது. ஊரில் விசிறிப் பாறை என்கிறார்கள். ஆளுயரத்துக்கு மேல் எழுந்த ஒற்றைப் பலகைக்கல். இரண்டு பக்கமும் தோள்போல் வளைத்துச் செதுக்கி, மேலே நடுவில் தலைக்குச் சிறு மேடு மட்டும் விட்டிருக்கிறார்கள். கண், மூக்கு, வாய் எதுவும் கிடையாது. இறந்தவரைச் சுற்றிக் கல்வட்டம் அமைத்த மக்கள் வைத்த மனித வடிவக் கல் இது. இதற்கு உறவான ஒன்று திருவண்ணாமலை மாவட்டத்து மோட்டூரில் இருக்கிறது. தமிழ்நாட்டில் கல்லில் மனித உருவம் செதுக்கிய வரலாறு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பல்லவரிலிருந்து ஆரம்பிப்பார்கள். அதற்குப் பல நூற்றாண்டு முன்னால் ஆரம்பிக்க வேண்டும் என்பதற்கு இந்தக் கல் சாட்சி. கருங்கல்லைப் பலகையாகப் பிளந்து, வளைவு செதுக்கி, நிமிர்த்தி நடுவது சின்ன வேலையில்லை. கல்தச்சர் குடும்பத்துப் பிள்ளைகள் யாராவது இங்கே இருந்தால் அந்த விளிம்பைப் போய்ப் பாருங்கள். உளி எந்தப் பக்கம் சாய்ந்தது என்று நீங்கள் சொல்வீர்கள், எங்களால் முடியாது.

அடுத்து சமணத் துறவிகள். என்னை அதிகம் கவர்ந்தவர்கள் அவர்கள்தான், கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

நேகனூர்ப்பட்டிக்கு அருகில் அடுக்கங்கல் என்றொரு குன்று. அங்கே பாறைக்கடியில் ஒரு தமிழி எழுத்துப் பொறிப்பு. கி.பி. 4-ஆம் நூற்றாண்டு என்பது கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் கணிப்பு. சேக்கந்தி என்பவரின் தாய் சேக்கந்தண்ணி செய்வித்த பள்ளி என்று அது சொல்கிறது. அரசன் பெயர் இல்லை, பட்டம் இல்லை. ஒரு பெண், ஒரு தாய், துறவிகளுக்கு இடம் செய்து கொடுத்திருக்கிறார். தொண்டூரில் இன்னொன்று, அதைவிடச் சற்று முந்தியது. இளங்காயிபன் ஏவ, அகழூர் அறமாக, மோசி என்பவர் துறவிகளுக்குக் கற்படுக்கை அமைத்தார் என்று படித்திருக்கிறார்கள். இன்று உங்கள் பக்கத்தில் அகலூர் இருக்கிறதே, அங்கே இன்றைக்கும் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் இருக்கின்றன. மேல்சித்தாமூரில் அவர்களுடைய மடம் இருக்கிறது. ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கல்வெட்டு பேசும் ஊரும் அந்தச் சமயமும் அதே வட்டாரத்தில் தொடர்ந்து வாழ்கின்றன. இப்படிச் சொல்லக்கூடிய இடம் தமிழ்நாட்டில் அதிகம் கிடையாது.

சிங்கவரம் போகும் வழியில் திருநாதர்குன்று. பெரிய உருண்டைப் பாறையின் முகத்தில் 24 தீர்த்தங்கரர்கள், பன்னிரண்டு பன்னிரண்டாக இரண்டு வரிசை. அவ்வளவு பேரையும் அலங்காரமில்லாமல் ஒரே அளவில் உட்கார வைத்திருக்கிறார் அந்தச் சிற்பி. அந்தக் குன்றில்தான் சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்ததைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. தமிழி எழுத்து வட்டெழுத்தாக மாறிக்கொண்டிருந்த காலத்துக் கையெழுத்து அது. உட்கார்ந்து பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். உச்சி வெயிலில் பொறிப்பு மறைந்துவிடும். காலை ஏழரைக்கு, சூரியன் சாய்வாக விழும்போது, ஒவ்வொரு கீறலுக்கும் ஒரு ஓரம் இருட்டும். வளைவுகள் எழுந்து வரும்.

மாலையில் அங்கே உட்கார்ந்திருந்தபோது நண்பர் ஒரு கேள்வி கேட்டார்: ‘ஆடியில் யாரும் வராத இடம்’ என்கிறோமே, அந்தக் காலத்தில் எப்படி? யோசித்தால், நேர் எதிர். சமணத் துறவிகள் ஆண்டு முழுதும் ஊர் ஊராக நடப்பவர்கள். மழைக்காலத்தில் மட்டும் நடக்க மாட்டார்கள். காலடியில் புழு பூச்சி சாகும் என்று நான்கு மாதம் ஒரே இடத்தில் தங்குவார்கள். அந்தச் சாதுர்மாஸ்யம் தொடங்குவது ஆடிப் பௌர்ணமியை ஒட்டி, முடிவது கார்த்திகையில். அப்படியானால் நமக்கு ஆளில்லாத பருவம்தான் இந்தப் படுக்கைகளுக்கு ஆள் நிறைந்த பருவம். தலைமாட்டில் மேடு வைத்துச் செதுக்கிய அந்தப் படுக்கையும், மழைநீர் உள்ளே வராமல் பாறை நெற்றியில் வெட்டிய புருவமும் இந்த மாதங்களுக்காகவே. ஊரார் ‘பஞ்சபாண்டவர் படுக்கை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். போகட்டும், அந்தப் பெயரால்தான் யாரும் உடைக்காமல் விட்டிருக்கிறார்கள்.

மண்டகப்பட்டைப் பற்றி ஒரு வார்த்தை. செங்கல், மரம், உலோகம், சுதை இல்லாமல் நான்முகனுக்கும் சிவனுக்கும் திருமாலுக்கும் கோயில் எடுத்தேன் என்று பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் அங்கே எழுதி வைத்தது எல்லாருக்கும் தெரியும். பாறையைக் குடைந்த புதுமை அவனுடையதுதான், மறுக்கவில்லை. பாறைக்கடியில் புனித இடம் என்ற எண்ணத்தை அவனுக்கு முன்பே சேக்கந்தண்ணியும் மோசியும் இந்த மண்ணில் போட்டுவிட்டார்கள். பாடப்புத்தகத்தில் மகேந்திரனுக்கு ஒரு பக்கம். அந்த அம்மாவுக்கு ஒரு வரியும் இல்லை.

தொல்பொருள்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்க்க விரும்புகிறவர்கள் சென்னை போக வேண்டும். ஃபுட் சேர்த்த கல்லாயுதங்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பூண்டியில் தொல்பழங்காலத்துக்கென்றே மாநிலத் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் இருக்கிறது. பக்கத்துக் குடியம் குகைக்குப் போகிறவர்கள் அதையும் சேர்த்துப் பார்க்கலாம். ஆனால் செஞ்சியின் அருங்காட்சியகம் திறந்த வெளியில் கிடக்கிறது. எனக்குப் பயமும் அதுதான்.

பிரான்சில் லாஸ்கோ குகையை 1940-இல் சிறுவர்கள் கண்டுபிடித்தார்கள். 1948-இல் மக்களுக்குத் திறந்தார்கள். பார்க்க வந்தவர்கள் விட்ட மூச்சின் ஈரத்திலும் விளக்கு வெளிச்சத்திலும் பாசி படர்ந்து ஓவியம் கெடத் தொடங்க, 1963-இல் மூடிவிட்டார்கள். இப்போது போகிறவர்கள் பார்ப்பது நகல். நம் பாறைகள் காற்றோட்டமானவை, மூச்சால் கெடாது. நமக்கு வேறு எதிரிகள். படம் பளிச்சென்று தெரிய வாட்டர் பாட்டிலைச் சாய்த்துத் தண்ணீர் தெளிக்கிறார்கள். ஈரம் காயும்போது உப்பு வெளியேறி வெள்ளைத் திரை போடும். சாக்பீஸால் கோட்டை எடுத்து வரைகிறார்கள். காதலர்கள் பெயர் எழுதுகிறார்கள். இவற்றுக்குப் பதிலாகப் படம் எடுத்து, டீஸ்ட்ரெச் என்ற மென்பொருளில் போட்டுப் பாருங்கள். பாறை ஓவிய ஆய்வுக்காகவே எழுதப்பட்டது. கண்ணுக்குத் தெரியாத சிவப்பையும் அது பிரித்துக் காட்டும், பாறையில் ஒரு சொட்டு நீர் பட வேண்டாம்.

எல்லாவற்றிலும் பெரிய எதிரி வெடி. நாங்கள் போன வழியில் ஒரு குன்று பாதி காணவில்லை. மீதிப் பாதியின் முகத்தில் துளை போட்ட கோடுகள் வரிசையாக இறங்கின. ஜல்லி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நான் வந்த நான்குவழிச் சாலையும் ஜல்லியால் ஆனதுதான். எந்தக் குன்றுக்கு உரிமம் கொடுப்பதற்கு முன்பும், அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர் ஒருவர் நடந்து பார்த்துச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறேன். ஒருமுறை உடைத்ததற்கு மறு அகழாய்வு கிடையாது.

இங்கே ஆசிரியர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். வருகிற ஆடியில், அமாவாசை தவிர்த்து ஒரு சனிக்கிழமை, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைத் திருநாதர்குன்றுக்கோ செத்தவரைக்கோ அழைத்துப் போங்கள். காலையில் போங்கள், தொப்பியும் தண்ணீரும் இருக்கட்டும், ஆடு மேய்ப்பவர்களிடம் வழி கேளுங்கள். கொல்லையில் ஓடு கிடந்தால் கையில் எடுக்க வேண்டாம். இடத்தைக் குறித்துக்கொண்டு, ஊர், சர்வே எண், படம் மூன்றையும் கிராம நிர்வாக அலுவலரிடமும் மாநிலத் தொல்லியல் துறைக்கும் எழுதிக் கொடுங்கள். மண்ணில் கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டமே சொல்கிறது. பாறையில் புதிதாக ஒரு கோடு கண்ணில் பட்டாலும் அப்படியே எழுதுங்கள். குன்றில் துளை போடும் சத்தம் கேட்டால் அன்றைக்கே எழுதுங்கள்.